மின்சாரத்திற்கு ஒரு குதிர்

விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக் குத்திச் சமைப்பது நம் முன்னோர் வழக்கம். மின்சாரமோ அப்படிப்பட்டதன்று. ஆக்கிய கணமே அது செலவாக வேண்டும். இவ்வியல்பே இன்று நம் நாட்டின் முன் பெரியதொரு சிக்கலாக நிற்கிறது.

2025 ஜனவரியில் இந்தியச் சூரிய மின்நிலையங்களின் மொத்தத் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. ஆயினும் மாலையில் கதிரவன் மறைந்தபின், விளக்கேற்றவும் விசிறி சுழலவும் பெரிதும் நிலக்கரியையே நாடுகிறோம். கடும் வெயில் அடித்த 2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை இரண்டரை லட்சம் மெகாவாட்டை எட்டியது. வெப்பம் மிகுந்தால் இரவிலும் விசிறி ஓயாது. அதற்காக எரிக்கும் கரியிலிருந்து எழும் கரியமிலவாயு மேலும் வெப்பத்தை வளர்க்கும். ஆகவே, பகலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்க வழி வேண்டும்.

அதற்கான வழிகளுள் ஒன்று, நான் பௌதிகம் பயிலும் இவ்வங்க நாட்டிலேயே இருக்கிறது. புருலியா மாவட்டத்து அயோத்தியா மலையில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு நீர்த்தேக்கங்கள் உள்ளன. மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் நீரை மேலேற்றுகிறார்கள். தேவை மிகும் வேளையில் அதனைக் கீழிறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இரண்டு வேலைகளையும் ஒரே இயந்திரம் செய்கிறது; ஒருபுறம் சுழன்றால் பம்பு, மறுபுறம் சுழன்றால் டர்பைன். 225 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். மொத்தம் 900 மெகாவாட்.

கணக்கைச் சிறிது பார்ப்போம். ஒரு டன் நீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்பே இல்லையெனினும் கிடைப்பது கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான். ஆதலின் உயர்ந்த மலையும் ஏராளமான நீரும் வேண்டும். இழப்பும் உண்டு. ஏறத்தாழ நான்கு யூனிட் செலவிட்டு நீரேற்றினால், மூன்று யூனிட் திரும்பி வரும்.

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமிலவாயு வெளிப்படுகிறது. அம்மின்சாரத்தைக் கொண்டு நள்ளிரவில் நீரேற்றினால், திரும்பி வரும் மூன்று யூனிட்டுக்கு நான்கு கிலோ வாயு என்றாகிறது. நண்பகலில் சூரிய மின்சாரத்தைக் கொண்டு ஏற்றினாலோ, கரி எரிக்க வேண்டிய தேவையே இல்லை. பதர் நெல்லைக் குதிர் மணியாக்காது அன்றோ?

மற்றொன்றும் உண்டு. மலை வெற்றிடமன்று, அங்கே காடும் மக்களும் உள்ளனர். அதே மலையில் துர்கா என்னும் மற்றொரு நிலையம், 1000 மெகாவாட் திறனில், திட்டமிடப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் இசைவு முறையாகப் பெறப்படவில்லை என்று ஊர்மக்கள் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடினர். நகரத்து மாணவர் விடுதியில் விளக்கு எரிவதற்காக, இருட்டில் வாழ்ந்து பழகிய மலைமக்கள் தம் காட்டை இழக்க வேண்டுமா என்னும் வினா பௌதிகத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதன் பயனைப் பற்றியது.

நீரேற்று நிலையம் நமக்குத் தேவை என்பதே என் கருத்து. ஆனால் எதைக் கொண்டு நீரேற்றுகிறோம், எவர் நிலத்தில் தேக்குகிறோம் என்னும் இரண்டையும் ஆராய்ந்த பின்னரே அணை எழும்ப வேண்டும். நாளைப் பொறியாளராகவும் விஞ்ஞானியாகவும் விளங்கப்போகும் நம் மாணவத் தோழர்கள், மெகாவாட் கணக்கோடு இக்கணக்கையும் சேர்த்தே போடப் பழகுவார்களாக.