ஒரு முதியவரும் ஒரு மணிநேரமும்

மனிதனுடைய ஆயுளை எழுபது ஆண்டென்றும், பலமுடையார்க்கு எண்பது ஆண்டென்றும் 90ஆம் சங்கீதம் அளவிடுகின்றது. பிரான்ஸு தேசத்து ரொபேர் மர்ஷான் என்பவர், அவ்வெழுபதை அணுகிய 67ஆம் வயதிலேதான், இளமையிற் கைவிட்ட துவிசக்கர வண்டியை மீண்டும் கையிலெடுத்தார். அவர் 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள் அமியான் நகரிற் பிறந்தவர். 1.52 மீட்டர் உயரமே உடைய அவரை, இத்துணைச் சிறிய தேகம் பந்தயத்துக்கு உதவாதென்று இளமையிற் பயிற்சியாளர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். பின்னர் அவர் பாரிஸ் மாநகரில் நெருப்பணைக்கும் படையிற் சேர்ந்தும், வெனிசுவேலாவில் லாரி ஓட்டியும், கனடாவில் மரம் வெட்டியும், தாய்நாடு மீண்டபின் தோட்டவேலையும் திராட்சைமது வாணிகமும் செய்தும் ஜீவனம் நடத்தினார். துவிசக்கர வண்டி அவர்க்குப் பிழைப்பாக அமைந்ததில்லை.

அவருடைய சரித்திரத்தை விரித்துரைப்பது எம் கருத்தன்று. நூறு வயதுக்கு மேல் அவர் ஓடிய மூன்று ஒருமணி ஓட்டங்களையும், அவற்றின் இடையே விஞ்ஞானிகள் அவர் தேகத்தில் அளந்து கண்டவற்றையும் ஒருங்கு வைத்து நோக்கி, முதுமையிற் பயிற்சி எவ்வளவு தூரம் பயன் தரும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதனை ஆராய்வதே எம் கருத்து.

ஓட்டம் நிகழும் களத்தைப் பற்றி முதலிற் சிறிது கூறுதல் வேண்டும். ஐரோப்பியர் வெலோட்ரோம் என வழங்கும் இடத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் ஏற்படவில்லை. யாம் அதனைச் சுற்றுக்களம் என்பாம். வட்டக்களம் என்பது பொருந்தாது. ஏனெனின், நேரான இரண்டு பக்கங்களையும் அவற்றை இணைக்கும் இரண்டு வளைவுகளையும் உடையதேயன்றி அது வட்டமன்று. இக்காலத்துப் பெரும் பந்தயக் களங்கள் 250 மீட்டர் நீளமுள்ள சுற்றுடையன, தளம் மரப்பலகையாலாயது. வளைவுகளில் அத்தளம் 40 பாகைக்கு மேற் சாய்ந்து, கூரை போல நிற்கும். விரைந்து செல்வோனுக்கு இச்சாய்வு துணை. அவன் வண்டியும் உடன்சாய்தலால் சக்கரம் தளத்திற் செவ்வனே பதியும். மெல்லச் செல்வோனுக்கோ அதுவே இடர். அவன் வண்டி அத்துணைச் சாயாது. சக்கரம் கீழ்நோக்கி வழுக்கப் பார்க்கும். இளைஞன் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் கடக்கும் வளைவை, நூறு வயதினர் 25 கிலோமீட்டர் வேகத்திற் கடப்பது எளிதென எண்ணுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

களத்து வண்டிக்குத் தடையும் இல்லை. மிதியாமல் சறுக்கிச் செல்லும் வசதியும் இல்லை. பின்சக்கரம் சுழலும் வரையில் மிதிகளும் சுழலும். அவற்றோடு கால்களும் சுழன்றே தீரவேண்டும். ஓட்டத்தின் நடுவே பல்சக்கரத்தை மாற்றுதலும் இயலாது. ஆகவே, ஏறுமுன் அமைத்த பல்லளவோடு வேகத்தைக் கூட்டுதற்கு வழி ஒன்றே: கால்களை விரைந்து சுழற்றுதல். இதனை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர்க் கூறப்போவது இதனையே பற்றியது.

ஒருமணி ஓட்டத்தின் விதி மிக எளிது. ஒருவர் தனியே களத்தில் ஓட, 60 நிமிடத்தில் அவர் கடந்த தூரம் குறிக்கப்பெறும். 1893ஆம் ஆண்டில் ஆன்றி தெக்ராஞ்சு, பாரிஸில் புபலோ என்னும் களத்தில் 35.325 கிலோமீட்டர் ஓடினார். பத்தாண்டு கழித்துப் பிரான்ஸு தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரே. 2022இல் இத்தாலியராகிய பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓடினார். வண்டியும் உடையும் களமும் திருந்தியதனால் விளைந்த பயன் இவ்விரண்டு எண்களின் இடைவெளியிற் பெரும்பங்கு என்பது வெளிப்படை.

இனி மர்ஷானிடம் வருவாம். 2012 அவர்க்குச் சிறந்த பருவமாயிற்று. அவ்வாண்டு பெப்ரவரி 17ஆம் நாள், சுவிட்ஸர்லாந்தில் ஏகிள் என்னும் ஊரிலுள்ள 200 மீட்டர்க் களத்தில், நூறு வயது கடந்தோர் வகுப்பில் ஒரு மணியில் 24.251 கிலோமீட்டர் ஓடினார். ஏறக்குறைய 121 சுற்றுக்கள். அவ்வாண்டு செப்டம்பரில் லியோன் நகரத்துத் திறந்தவெளிக் களத்தில் 100 கிலோமீட்டர்த் தூரத்தை 4 மணி 17 நிமிடம் 27 விநாடியில் முடித்தார். இவ்விரு செய்திகளையும் பத்திரிகைகள் தனித்தனியே வியந்தன. இரண்டனையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். லியோனில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 23.3 கிலோமீட்டர். காலம் நான்கு மடங்குக்கு மேல் நீண்டும், வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. ஆகவே நெடுநேரம் தாங்கும் ஆற்றல் அவர்பால் நிறைந்திருந்தது. கூட்டவேண்டியது உச்ச வலுவே என்று எமக்குத் தோன்றுகின்றது.

பயிற்சியும் அவ்வழியே நடந்தது. எவ்ரிப் பல்கலைக்கழகத்து உடலியல் ஆசிரியையாகிய வெரோனிக் பில்லா என்னும் அம்மையார் அவரை ஆராய்ந்தார். மர்ஷான் இரண்டாண்டுக் காலம் ஆண்டொன்றுக்கு 5000 கிலோமீட்டர் ஓட்டினார். வாரத்துக்கு ஏறக்குறைய 96 கிலோமீட்டர் ஆகின்றது. அத்தூரத்தில் நூற்றுக்கு 80 பங்கு இலேசான ஓட்டம். எஞ்சிய 20 பங்கு கடுமையான ஓட்டம். இலேசு, கடுமை என்பவற்றை ஓட்டுபவரே தம் உழைப்பை உணர்ந்து, 6 முதல் 20 வரையுள்ள எண்களால் மதிப்பிடும் முறை ஒன்றுண்டு. அதில் 12க்கு மேற்படாதது இலேசு; 15க்குக் குறையாதது கடுமை. இரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறை உழைப்புக்கு இடமில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

பயன் யாது? 2014 ஜனவரி 31ஆம் நாள், பாரிஸுக்கு அணித்தாகிய சேன்-கேன்தான்-ஆன்-இவ்லின் என்னும் ஊரில், அம்மாதத்திலேயே திறக்கப்பெற்ற புதிய களத்தில் அவர் 26.927 கிலோமீட்டர் ஓடினார். முன்னையதினும் 2.676 கிலோமீட்டர் மிகுதி. நூற்றுக்கு 11 வீதம். முன்னைய ஓட்டம் 101ஆம் வயது நடக்கையில். இது 103ஆம் வயது நடக்கையில். 28 வயதினராகிய தெக்ராஞ்சு 1893இல் ஓடிய தூரத்தில் இது முக்காற்பங்குக்குச் சிறிது மிகும்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னர் அவரை நிலைவண்டியில் ஏற்றி, சுமையைப் படிப்படியாகக் கூட்டிச் சோதித்தார்கள். 2017ஆம் ஆண்டு அமெரிக்க உடலியற் சங்கத்துப் பத்திரிகையொன்றில் வெளிவந்த எண்கள் இவை: தேக எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்துக்கு அவர் உட்கொள்ளக்கூடிய பிராணவாயு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 மில்லிலிட்டராயிற்று. உச்ச வலு 90 வாட்டிலிருந்து 125 வாட்டாயிற்று. நிமிடத்துக்கு மிதி சுழலும் உச்ச எண்ணிக்கை 69லிருந்து 90 ஆயிற்று. உச்ச நிலையில் நிமிடத்துக்கு உயிர்க்கும் காற்று 57 லிட்டரிலிருந்து 70 லிட்டராயிற்று. இருதயத்தின் உச்சத் துடிப்போ 134, 137 என ஏறக்குறைய அவ்வாறே நின்றது. தேக எடையும் மாறவில்லை. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்புக் கிடைக்கும் என்று உடற்பயிற்சிக் கூடங்களிற் சுவரில் எழுதி வைப்பதுண்டு. அக்கணக்கின்படி இவர்க்கு 120க்குள் இருத்தல் வேண்டும்! சராசரியை விதியெனக் கொள்வதன் பிழை இது.

ஈண்டுச் சிறிது நின்று கணக்கிடுதல் தகும். வலு என்பது மிதியை அமுக்கும் விசையும் மிதி சுழலும் வேகமும் பெருக்கிய பயன். வலு நூற்றுக்கு 39 வீதம் கூடிற்று. சுழற்சி 30 வீதம் கூடிற்று. எனவே விசை கூடியது நூற்றுக்கு 6 அல்லது 7 வீதமே. காலின் பலத்தினும் காலின் விரைவே பெரிதும் வளர்ந்தது. முதுமையில் முதலிற் குன்றுவது விரைவே என்று எல்லாரும் கருதுகின்றோம். நூறு வயதுக்குமேல் மீண்டதும் அதுவே.

வலு 39 வீதம் கூடவும் தூரம் 11 வீதமே கூடியது ஏன் என்று ஒருவர் வினாவலாம். துவிசக்கர வண்டியைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டிய வலு, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். 1.11 என்னும் எண்ணை மும்முறை வைத்துப் பெருக்கினால் 1.37 வரும், அஃதாவது 37 வீதம். நிலைவண்டி காட்டிய 39க்கு இது மிக அணித்தாயுள்ளது. உச்ச வலு வேறு, ஒரு மணிநேரம் தாங்கும் வலு வேறு. தளத்தின் உராய்வும் உண்டு. ஆதலால் இவ்வொற்றுமையை முழு நிரூபணமாகக் கொள்ளலாகாது. எனினும் சோதனைச்சாலையும் சுற்றுக்களமும் ஒன்றையே கூறுகின்றன என்பதற்கு இது போதிய சான்றாம்.

இவையெல்லாம் ஒரே மனிதர்பாற் கண்டவை. இதிலிருந்து பொதுவிதி வகுக்கலாகாது என்று ஆக்ஷேபிப்பாருண்டு. அவர் கூற்று நியாயமே. பில்லா அம்மையாரும் நூறு வயதுக்குப் பின்னும் இவ்வளர்ச்சி கூடும் என்றாரேயன்றி, எல்லார்க்கும் கைகூடும் என்றாரல்லர். ஒருவர்க்குக் கூடியது என்பது, யாவர்க்கும் கூடாது என்ற கொள்கையை வீழ்த்தப் போதும். அதற்கு மேல் அதனைக் கொண்டு எதனையும் நிறுவ இயலாது.

போட்டியாளர் இல்லாத வகுப்பில் முதலிடம் பெறுவது என்ன பெருமை என்று நகுவாரும் உண்டு. 2017இல் 105 வயது கடந்தோர்க்கெனப் புதியதொரு வகுப்பே அவர்பொருட்டு வகுக்கப்பெற்றது. அதில் ஓடியவர் அவர் ஒருவரே. வெற்றி என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆனால் ஒருமணி ஓட்டம் பிறரை முந்தும் பந்தயமன்று. முன்னைத் தூரத்தை அளவுகோலாக வைத்துத் தம்மையே அளப்பது. அவ்வளவுகோல் இரக்கம் காட்டாது என்பதை அவ்வாண்டு ஓட்டமே காட்டிற்று.

2017 ஜனவரி 4ஆம் நாள் அதே சேன்-கேன்தான் களத்தில் அவர் ஓடியது 22.547 கிலோமீட்டர், 90 சுற்றுக்குச் சிறிது மேல். அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. செய்தித்தாள்கள் புதிய சாதனை என்றன. எண்களோ வேறு கூறுகின்றன. மூன்றாண்டில் 4.380 கிலோமீட்டர் குறைந்தது. மேற்கூறிய மும்மடிக் கணக்கால் நோக்கினால், 2014இல் அவர் கால்கள் ஈந்த வலுவில் ஏறக்குறைய நூற்றுக்கு 41 பங்கு மறைந்துவிட்டது. 2012இன் நிலையினும் அஃது ஐந்திலொரு பங்கு தாழ்ந்தது. இரண்டாண்டுப் பயிற்சி ஈட்டித் தந்ததை மூன்றாண்டு முதுமை திரும்பப் பெற்றதுமன்றி, வட்டியும் கொண்டது. 100 வயதுக்கும் 102க்கும் இடையில் ஏறிய கோடு, 102க்கும் 105க்கும் இடையில் இறங்கியது. எழுச்சியை மட்டும் எடுத்துப் புகழ்ந்து வீழ்ச்சியை மறைப்போர், அவர் உண்மையில் செய்ததன் அருமையையும் மறைக்கின்றனர். இறங்கும் கோட்டின்மீது இருந்துகொண்டே அவர் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்.

களத்தினின்று இறங்கியபின் அவர் கூறிய குறை ஒன்றுண்டு. இன்னும் பத்து நிமிடம் என்று காட்டிய பலகையைத் தாம் காணவில்லை என்றும், கண்டிருந்தால் இன்னும் விரைந்திருக்கலாம் என்றும் கூறினார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், தம் 106ஆம் வயதில், அதே களத்தில் 4 கிலோமீட்டர் ஓட்டினார். ஒருமணி ஓட்டத்தை மீண்டும் முயன்றிலர். 2021 மே 22ஆம் நாள், 109 வயதில், உயிர் நீத்தார்.