கருவின் இலக்கணம்

மகப்பேறின்றி மருத்துவரை நாடிய தம்பதிகள் பிள்ளை பெற்ற பின்னர், எஞ்சிய கருக்களை என்செய்வதென்று தெளியாது கற்றாரை அணுகி வினவுதல் இக்காலத்து நிகழ்கின்றது. மருத்துவர் தாயின் அண்டங்கள் பலவற்றை வெளியே எடுத்துக் கண்ணாடிக் கலத்திற் கருவாக்கி, ஒன்றோ இரண்டோ கருப்பையிற் சேர்த்து, ஏனையவற்றைச் சுழியத்திற்குக் கீழ் 196 பாகைக் குளிருடைய நைட்டிரசன் நீரில் உறைவித்து வைப்பர். அவற்றை விட்டுவிடுதல் கருவழித்தலாமோ ஆகாதோ என்பது அவர்தம் வினா. ஆமென்பாரும் அன்றென்பாரும் உளர். இவ்விரு திறத்தார் கூற்றையும் யாம் கேட்டிருக்கின்றோம். கேட்ட அளவில், கரு என்னும் சொல்லால் ஒருவர் கருதிய பொருளை மற்றவர் கருதாமை எமக்குப் புலனாயிற்று. பொருள் வேறாயவழி வழக்கு முடிவதெங்ஙனம்?

உயிர் எப்பொழுது அவ்வுடம்பிற் பொருந்தும் என்பது பெரியதொரு விசாரம். அதனை ஈண்டுத் தொடேம். எதனிற் பொருந்தும் என்று சுட்டப்படும் பொருளை இன்னதென வரையறுத்த பின்னரே அவ்விசாரம் செல்லும். ஆவிற்குக் கபில நிறமுடைமை இலக்கணம் என்பார்க்கு அவ்வியாத்தியும், கொம்புடைமை என்பார்க்கு அதிவியாத்தியும், ஒற்றைக் குளம்புடைமை என்பார்க்கு அசம்பவமும் குற்றமாதலைச் சிவஞான முனிவர் தமிழிற்றந்த தருக்க சங்கிரகம் பயின்றார் அறிவர். அவ்வுரைகல்லையே இங்கும் கொள்வேம்.

முதற்கண் காட்சியாற் கண்டவற்றைக் கூறுதும். பாலூட்டும் உயிர்களின் அண்டத்தை 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் நாயினிடத்துக் கண்டார். விந்தணு அண்டத்துட் புக்கு இரண்டன் உட்கருவும் ஒன்றாதலை 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியிடத்து விளக்கினார். மக்களது அண்டம் ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கினது. கூரிய கண்ணுடையார்க்கு ஒரு புள்ளி போலத் தோன்றும். விந்தணுவோடு கூடியபின் ஏறக்குறைய ஒரு நாளில் அஃது இரண்டாம். மூன்றாம் நாளையொட்டி எட்டாம். இங்ஙனம் பிளவுபடுங்கால் அதன் பருமை மிகுவதில்லை, உள்ளதே பங்கிடப்படுகின்றது. இத்தொடக்க நாட்களில் அதனைப் பெரும்பாலும் நடத்துவன, தாய் அண்டத்தினுள் முன்னரே சேமித்து வைத்த குறிப்புக்களேயாம். கருவிற்குரிய மரபணுக்கள் பெருவாரியாகத் தொழிற்படத் தொடங்குவது நான்கிற்கும் எட்டிற்கும் இடைப்பட்ட உயிரணுப் பருவத்தில் என்பதனைக் கேம்பிரிட்ஜில் பீட்டர் பிரோடு முதலியோர் 1988இல் வெளியிட்டனர்.

ஐந்தாறு நாளில் அஃது உட்குழிந்த உருண்டையாம். அவ்வுருண்டையின் புறத்தே சூழ்ந்த உயிரணுக்கள் பின்னர் நஞ்சுக்கொடியாவன. அகத்தே ஒரு பாற் குவிந்து கிடக்கும் சிலவே குழவியின் உடம்பிற்கு உரியன. அச்சிலவற்றுள்ளும் ஒரு பகுதி பனிக்குடம் முதலியவற்றிற்குச் செல்லும். எனவே, முதல் வாரத்துக் கருவென்று நாம் சுட்டுவதிற் பெரும்பகுதி, பிறந்த அன்றே கழிக்கப்படும் பொருளாதற்கு உரியது. ஆறேழு நாளில் அது கருப்பையின் சுவரைப் பற்றும். பதினான்காம் நாளையொட்டி, வட்டமாய்க் கிடந்த தட்டின்மேல் நீண்டதொரு கோடு தோன்றும். இதனை முதற்கோடு என்பேம். தலை இது, கடை இது, வலம் இது, இடம் இது என்னும் ஒழுங்கு அக்கோட்டினால் நிலைபெறுகின்றது.

அக்கோடு தோன்றுமுன் கரு இரண்டாகப் பிரிதல் கூடும். உருவொத்த இரட்டையர் அவ்வாறு பிறப்பவரே. ஆயிரம் பேற்றில் மூன்று நான்கு அத்தகையன. இரண்டு ஒன்றாதலும் உண்டு. வார்சாவில் டர்க்கோவ்ஸ்கி என்பார் 1961இல், எட்டு உயிரணுப் பருவத்து எலிக் கருக்கள் இரண்டனை ஒருங்கு சேர்க்க, அவை நான்கு பெற்றோரை உடைய ஒரே எலியாய் வளர்ந்தன. இஃது எம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. 'இஃது ஒன்று' என எண்ணப்படும் தன்மையே இன்னும் எய்தாத பொருளை, 'இவன்' என்றோ 'இவள்' என்றோ சுட்டுதல் யாங்ஙனம் அமையும்?

இனி இலக்கணங்களை நோக்குவேம். அண்டமும் விந்தணுவும் கூடியது கரு என்பது முதல் இலக்கணம், தோற்றம் பற்றியது. உலகத்தார் பலரும் மனத்திற் கொண்டது இதுவே. கண்ணாடிக் கலத்திற் கருவான முதற் குழவி 1978இல் இங்கிலாந்திற் பிறந்த பின்னர், அந்நாட்டார் 1990இல் இயற்றிய சட்டமும் கருவூட்டல் முற்றிய உயிருள்ள மானுடக் கருவே கரு என்று கூறிற்று. கருவாவது கருவே என்பதனால் இதன்கண் தன்னைப் பற்றுதல் என்னும் குற்றம் கிடத்தல் ஒருபுறம் நிற்க. உருவொத்த இரட்டையருள் இளையவர் தனக்கென ஒரு கூட்டத்தினின்றும் தோன்றியவரல்லர். ஆகலின், தொடக்கத்திலேயே அவ்வியாத்தி உளதாயிற்று. முத்துப்பிள்ளை என மருத்துவர் வழங்கும் கேட்டில், உட்கரு இழந்த அண்டத்தில் விந்தணு கூடத் திராட்சைக் குலை போலும் திசு மட்டும் வளரும். குழவி ஒருபோதும் உண்டாவதில்லை. கூட்டம் ஆண்டும் உண்மையின் அதிவியாத்தியும் உளதென்க.

இக்குற்றம் ஏட்டளவில் நின்றதன்று. ஸ்காட்லாந்து ரோஸ்லின் நிலையத்தில் 1996இல் டாலி என்னும் ஆடு பிறந்தது. முதிர்ந்த ஆடொன்றின் உயிரணுவினது உட்கருவை, உட்கரு நீக்கிய அண்டத்தில் வைத்து வளர்த்தனர். விந்தணு அங்கே கூடவில்லை. அம்முறையால் மானுடக் கருவை ஆக்கின் அது சட்டத்தின் வரம்பினுள் அடங்காதென்று ஒரு சாரார் வழக்குத் தொடுக்க, 2001 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதனை ஒப்பியது. இலக்கணத்தில் ஒரு சொல் குறுகி நின்றமையால், அம்முறையில் ஆக்கப்படும் கரு காவலின்றி நின்றது! பாராளுமன்றம் சின்னாளில், அங்ஙனம் ஆக்கியதைப் பெண்ணின் கருப்பையில் வைத்தலை விலக்கித் தனிச் சட்டம் செய்தது. மேல்முறையீட்டு மன்றம் 2002இல் அத்தீர்ப்பை மாற்ற, பிரபுக்கள் சபை 2003இல் அம்மாற்றத்தை நிலைநிறுத்தியது. 2008இல் சட்டத்தையே திருத்தி, கருவாதற்கு ஏற்ற வேறெம்முறையில் வளரும் அண்டமும் கருவெனச் சேர்த்தனர். அண்டம் என்னும் சொல்லை மட்டும் விட்டிலர். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

ஆற்றல் பற்றியது இரண்டாம் இலக்கணம்: மனிதனாக வளரும் ஆற்றலுடைய உயிரணுவோ உயிரணுத் தொகுதியோ கரு என்பது. நெதர்லாந்தினர் 2002ஆம் ஆண்டுச் சட்டத்திற் கொண்டது இது. தோற்றத்தை விட்டுப் பொருளின் தன்மையை நோக்குதலின் இது முன்னையதினும் சிறந்ததென்பது எம் கருத்து. ஆயினும் குற்றமின்றென்றல் கூடாது. மரபணுக் கேட்டினால் எவ்வாற்றானும் குழவியாக மாட்டாத கருக்கள் பல உள. இயற்கையாய்த் தோன்றுவனவற்றிலேயே பல கருப்பையைப் பற்றாது அழிகின்றன. அவை கருவல்ல என்றல் வழக்கொடு மாறுகொள்ளும். மற்றொரு பால், ஜப்பானில் ஷின்யா யாமனாக்கா 2006இல் எலியின் தோலணுவையும், 2007இல் மானுடத் தோலணுவையும் குருத்தணுவாக மீட்டினார். அத்தகைய எலிக் குருத்தணுக்களிலிருந்தே, துணைக் கருவொன்றன் உதவியால், முழு எலியைச் சீன அறிஞர் 2009இல் பிறப்பித்தனர். எனின், தோலின் ஒவ்வோரணுவும் கருவாமோ?

அற்றேல், காரியம் காரணத்தில் உளதென்னும் சற்காரிய வாதங் கொண்ட நுமக்கு அஃது இழுக்கன்றே எனின், அன்று. மண்ணிற் குடம் உளதென்ற நாமும் மண்ணைக் குடமென்று வழங்குவதில்லை. மண்ணினால் நீர் முகப்பதும் இல்லை. ஆற்றல் பற்றிக் கூறுவார், எத்துணைக் காரணங்களை வேண்டாது தானே வளரும் ஆற்றல் என்று விளங்கச் சொல்லுதல் வேண்டும். சொல்லப் புகின், கருப்பையும் ஒரு துணையன்றோ என்னும் கடா எழும்.

மூன்றாவது காலம் பற்றியது. பதினான்கு நாள் என்னும் எல்லையை அமெரிக்க அறிஞர் குழுவொன்று 1979இல் கூறியது. இங்கிலாந்தில் தத்துவ ஆசிரியராகிய மேரி வார்னாக் அம்மையார் தலைமையிற் கூடிய குழு 1984இல் அதனையே வற்புறுத்த, 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏற்றது. முதற்கோட்டின் காலம் நோக்கி அமைத்தமையின் அதற்கோர் ஏது உண்டு. ஆயினும் இஃது இலக்கணமன்று. ஆராய்வார் இதற்கு மேற் செல்லற்க என நட்ட எல்லைக்கல். பதின்மூன்றாம் நாள் கருவாயதே பதினைந்தாம் நாளும் கரு. அச்சட்டம் உறைநிலையிற் கழிந்த காலத்தை எண்ணாது விடுதல் ஈண்டு நோக்கத்தக்கது. 1992இல் உறைவித்த கருக்களினின்றும் 2022இல் அமெரிக்காவில் இரட்டைக் குழவிகள் பிறந்தன. முப்பது யாண்டு கழிந்தும் அவற்றிற்கு ஒரு நாளும் கழிந்திலது. காலமாவது மாற்றத்தால் அளக்கப்படுவது என்பார்க்கு இதனினும் தெளிந்த உதாரணம் யாம் கண்டிலேம்.

எல்லைக்கல் நட்ட நாளில் அதுவரை கருவை வெளியே வளர்ப்பார் ஒருவரும் இலர். ஆகலின் அதனாற் குறையுமில்லை. 2016இல் கேம்பிரிட்ஜில் மக்டலேனா செர்னிக்கா-கோயட்ஸ் குழுவினரும், நியூயார்க்கு ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலி பிரிவன்லூ குழுவினரும் மானுடக் கருவைத் தாயின் திசு சிறிதுமின்றிப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்து, எல்லை கருதி நிறுத்தினர். குருத்தணு ஆராய்ச்சியாளரின் அகிலவுலகச் சங்கம் 2021இல் இவ்வெல்லையை விலக்குக்களின் பட்டியலினின்று நீக்கிற்று. பிரிட்டிஷ் மேற்பார்வைக் கழகம் எல்லையை 28 நாளாக்கப் பரிந்துரைப்பதென 2024இல் முடிவு செய்தது. எட்டும் கை நீளுந்தோறும் கல்லும் நகருமாயின் அதனை நட்டது எற்றுக்கு என்று வினவுவார் கூற்றை யாம் எளிதில் தள்ளேம். மூன்றாம் நான்காம் வாரத்திற் பிறவிக் குறைகள் பல தொடங்குவதால் அக்காலத்தைக் காணல் வேண்டும் என்பார் கூற்றையும் தள்ளேம்.

அண்டம் என்னும் சொல்லின் பயன் இனி வெளிப்படும். ஆஸ்திரேலியா மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்து ஹோசே போலோ குழுவினர் 2021இல், மீட்டிய தோலணுக்களினின்றும் ஐந்தாம் நாள் உருண்டையை ஒத்த அமைப்பைப் பெற்றனர். இஸ்ரேலில் வைஸ்மன் நிலையத்து யாக்கோபு ஹன்னா குழுவினர் 2023இல் குருத்தணுக்களினின்றும் பதினான்காம் நாட் கருவை ஒத்ததொன்றை வளர்த்தனர். இவற்றில் அண்டமில்லை, விந்தணுவில்லை. ஆஸ்திரேலிய அதிகாரிகள் முன்னையதைக் கருவென்றே தம் சட்டத்தின்கீழ்க் கொண்டனர். இங்கிலாந்துச் சட்டத்திலோ, அண்டம் இன்மையின் அத்தகையது கருவன்று. அவ்வழி 2024இல் ஆராய்ச்சியாளர் தாமே ஒரு நடைமுறை விதியை வகுத்துக்கொள்ள நேர்ந்தது. கப்பலேறின் ஆ குதிரையாவதுண்டோ?

மேற்கூறிய மூன்றும் தடத்த இலக்கணமேயன்றிச் சொரூப இலக்கணம் ஆகாமை கண்டாம். யாம் ஒன்று கூறிப் பார்ப்பேம்: ஓருடம்பாதற்குரிய ஒழுங்கு தன்னகத்தே தொடங்கி, ஏற்ற இடம் பெற்றவழித் தொடரவல்ல மானுட உயிரணுத் தொகுதி கரு. முத்துப்பிள்ளையும் தோலணுவும் இதனுட் புகா. இரட்டையரும், டாலி முறையில் ஆக்கியதும், உறைந்ததும் அடங்கும். ஏற்ற இடம் என்பதன்கண் மேற்கூறிய கடா இன்னும் எழுமென்பதும், ஒழுங்கு தொடங்கிய கணம் யாது என்பார்க்கு விடை இதன்கண் இல்லை என்பதும் எமக்குத் தெரியும்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் உறைந்த கருவைப் பத்தாண்டிற்கு மேல் வைத்தலை விலக்குகின்றது. அதன்பின் அழிய விடுக, அன்றித் தம்பதிகள் இசையின் ஆராய்ச்சிக்கு அளிக்க என்பது விதி. அங்ஙனம் முடிவு செய்ய வேண்டியவராய் நம்பால் வந்து வினவுவோர்க்கு, அவர்கள் காத்து வைத்தது உயிருள்ளது, மானுடத்தது, ஒன்றென்று எண்ணப்படும் நிலையை இன்னும் எய்தாதது என்னும் மூன்றனையும் தயங்காது சொல்லலாம். கருவழித்தல் என்னும் பெயரை அதற்கு இடுவதும் விலக்குவதும் யாம் காட்டிய இலக்கணம் நிற்பின் நிற்கும். அதன்கண் குற்றம் காணும் அறிஞர் அதனை எழுதி விடுப்பாராக. அடுத்த திங்களில் ஆராய்வேம்.