கற்பனைத் தீவுக்கு மெய்யான ஆறுகள்

கதைப்புத்தகத்தின் முதல் பக்கத்திலோ கணினி விளையாட்டிலோ, உலகில் எங்குமே இல்லாத ஒரு நாட்டின் நிலப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில படங்களைப் பார்த்ததும் அங்கே போய்வரலாம் என்றே தோன்றும். வேறு சில படங்களில் எதுவோ சரியில்லை என்று மனம் உறுத்தும். பெரும்பாலும் அந்த உறுத்தலுக்குக் காரணம் ஓவியம் அழகாக இல்லாதது அல்ல. மலையும் ஆறும் மழையும் தமக்குரிய விதிகளை மீறியிருப்பதுதான். நாடு கற்பனையாக இருக்கலாம். அங்கே ஓடும் நீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓட வேண்டும்?

ஆகவே, கணினியில் கற்பனை நிலப்படம் வரையப் பழகுவது புவியியலைப் பழகுவதும் ஆகும். இந்த வாரம் ஒரு தீவைப் படிப்படியாக வரைவோம்.

கருவிகளும் அடுக்குகளும்

கிரிட்டா, கிம்ப் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் வரைமென்பொருள்கள். தொடக்கத்தில் இரண்டில் ஒன்று போதும். வரைபலகையும் எண்ணிமப் பேனாவும் இருந்தால் வசதி. இல்லையென்றால் சுட்டியைக் கொண்டே வரையலாம்.

காகிதத்துக்கும் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடு அடுக்குகள். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுபோல, ஒவ்வொன்றையும் தனி அடுக்கில் வரையலாம். கீழிருந்து மேலாக இப்படி அடுக்குங்கள்: கடல், நிலம், மலைகள், ஆறுகள், காடுகள், ஊர்களும் சாலைகளும், பெயர்கள். ஆற்றின் போக்கு தவறு என்று பிறகு தெரிந்தால், அந்த அடுக்கில் மட்டும் அழித்துத் திருத்தலாம். மலைகளுக்கு ஒன்றும் ஆகாது. அடுக்குகள் கலையாமல் இருக்க, மென்பொருளின் சொந்தக் கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் எல்லா அடுக்குகளும் ஒன்றாகிவிடும்.

முதலில் அளவை

ஏ4 தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் தேவை. தாளைப் படுக்கவாட்டில் வைத்தால் அகலம் 3508, உயரம் 2480 படப்புள்ளிகள். இப்போது ஒரு முடிவு எடுங்கள்: ஒரு படப்புள்ளி எத்தனை மீட்டர்?

50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தின் முழு அகலம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள சிங்கப்பூர்த் தீவு இதில் 1000 படப்புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். உங்கள் கதைநாயகன் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், நாளுக்கு 6 மணி நேரம் நடந்தால் 30 கிலோமீட்டர் கடப்பான். அது படத்தில் 600 படப்புள்ளிகள். அச்சில் 2 அங்குலம்.

இந்தக் கணக்கு வீண்வேலை அல்ல. ஆர். எல். ஸ்டீவன்சன் 1881ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு தீவின் படத்தை விளையாட்டாக வரைந்தார். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க உருவான கதைதான் ‘டிரெஷர் ஐலண்ட்’. நூலாக அச்சிட அனுப்பியபோது அந்தப் படம் பதிப்பாளரைச் சென்றடையவில்லை. கதையில் வரும் ஒவ்வொரு இடக்குறிப்பையும் தேடி எடுத்து, அவற்றுக்குப் பொருந்தும்படி புதிய படம் ஒன்றை அவர் வரைய வேண்டியதாயிற்று. படமும் கதையும் ஒரே அளவையில் இருந்தால் இத்தகைய தொல்லை குறையும்.

கடற்கரை

புதிதாக வரைபவர்கள் தீவை உருளைக்கிழங்கு போல வழவழப்பாக வரைந்துவிடுவார்கள். மெய்யான கடற்கரை அப்படி இருப்பதில்லை. 1967இல் கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட், பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியை ஆராய்ந்தார். அளவுகோல் சிறிதாகச் சிறிதாக நீளம் கூடிக்கொண்டே போகும் என்பதை அவர் விளக்கினார். விரிகுடாவுக்குள் சிறு குடா, அதற்குள் இன்னும் சிறு வளைவு என்று நெளிவுக்குள் நெளிவு இருப்பதே காரணம்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிடி அரிசியைத் தாளின்மேல் கொட்டிப் படம் பிடியுங்கள். அதைத் தனி அடுக்காகச் சேர்த்து, மங்கலாக்கி, அதன் மேலடுக்கில் ஓரத்தை ஒட்டி வரையுங்கள். கை தானாக வரையாத நெளிவுகள் கிடைக்கும்.

மலைகள்

மலைகள் பெரும்பாலும் தொடராக அமையும். நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் எல்லை நெடுகிலும் நிலம் மடிந்து உயர்வதே அதற்குக் காரணம். இந்தியத் தட்டு யூரேசியத் தட்டோடு மோதியதால் இமயமலை எழுந்தது. எனவே, உங்கள் தீவில் முதலில் ஒரு முதுகெலும்புக் கோடு இழுங்கள். அதன் நடுவே உயர்ந்த சிகரங்களும் இரு பக்கமும் தாழ்ந்துவரும் குன்றுகளும் வரட்டும். தீபகற்ப மலேசியாவின் தித்திவங்சா மலைத்தொடரை நிலப்படத்தில் பார்த்தால் இந்த அமைப்பு விளங்கும். தனியே நிற்கும் மலை வேண்டுமா? அதை எரிமலையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆறுகள்

அதிகமான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. மூன்று விதிகளை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: ஆறு உயரத்தில் பிறந்து தாழ்வை நோக்கியே ஓடும். மலைத்தொடரைக் குறுக்கே தாண்டி ஓடுவதுபோல் வரையாதீர்கள்.

இரண்டு: ஓடும் வழியில் ஆறுகள் சேரும், பிரிவது அரிது. கிளந்தானைப் பாருங்கள். காலாஸ், லெபிர் ஆகிய இரண்டு ஆறுகளும் கோலக் கிராய் அருகே சேர்ந்து கிளந்தான் ஆறாகின்றன. அந்த ஆறு கோத்தா பாருவைக் கடந்து தென்சீனக் கடலில் கலக்கிறது. படத்தில் ஓர் ஆற்றமைப்பு மரம்போல் இருக்க வேண்டும்: கிளைகள் மலையில், அடிமரம் கடலருகே. கழிமுகத்தில் மட்டும் ஆறு பல வாய்க்கால்களாகப் பிரியலாம். அங்கே நிலம் ஏறக்குறையச் சமதளம். ஆறு சுமந்துவந்த வண்டல் படிந்து அதன் வழியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

மூன்று: ஏரிக்குள் பல ஆறுகள் வரலாம், வெளியேறுவது பொதுவாக ஒன்றே. நீர் மிகத் தாழ்ந்த விளிம்பு வழியாக வழியும். வழிய வழிய அந்த இடம் அரிக்கப்பட்டு இன்னும் தாழும். நீர்மட்டம் இறங்கியதும் மற்ற வாயில்கள் வறண்டுவிடும்.

விதிவிலக்குகளும் உண்டு. வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் கசிக்கியாரே, அமேசான் ஆற்றமைப்போடு இணைகிறது. அது அரிது என்பதால்தான் புகழ்பெற்றிருக்கிறது.

மழையும் பாலையும்

படத்தின் ஓரத்தில் காற்று வீசும் திசையை அம்புக்குறியாக வரையுங்கள். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகும். மறுபக்கம் இறங்கும்போது ஈரம் வற்றியிருக்கும். இதை மழைமறைவு என்பர். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலேசியாவின் கிழக்குக் கரை பெருமழை பெறுவதும், இமயத்துக்கு அப்பால் திபெத் வறண்டிருப்பதும் இதனால்தான். காற்று வரும் பக்கத்தில் காடு வரையுங்கள். மறுபக்கத்தில் புல்வெளியோ பாலையோ வரட்டும்.

ஊர்கள்

ஊர்ப்புள்ளியை அழகுக்காக வைக்காதீர்கள். நீர், பாதை, வணிகம் மூன்றும் எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் ஊர் வளரும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்தில் கோலாலம்பூர் தோன்றியது. கப்பல்கள் கடக்கும் நீரிணையின் முனையில் சிங்கப்பூர் வளர்ந்தது.

அதே நீர் ஊருக்கு ஆபத்தாகவும் வரும். 2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, இரண்டு ஆறுகளும் சேரும் கோலக் கிராய் வட்டாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மலைகளில் பெய்த மழையெல்லாம் அந்த ஒரே அடிமரத்தின் வழியாகத்தானே இறங்க வேண்டும்? உங்கள் தீவிலும் ஒவ்வோர் ஊரையும் தொட்டுக் கேளுங்கள்: ஐந்து நாள் விடாமல் மழை பெய்தால் இங்கே என்ன ஆகும்? மக்கள் எந்த மேட்டுக்கு ஓடுவார்கள்? பிறகு, நீங்கள் வசிக்கும் வட்டாரத்தின் நிலப்படத்தை எடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இப்போது விடை உங்களுக்கே தெரியும்.

முயன்று பாருங்கள்

1. ஒரு படப்புள்ளி 50 மீட்டர் என்றால், 40 படப்புள்ளி தடிமனில் வரைந்த ஆற்றின் அகலம் எவ்வளவு? அது பொருத்தமா?

2. ஒரே ஏரியிலிருந்து கிழக்கே ஓர் ஆறும் மேற்கே ஓர் ஆறும் புறப்பட்டு, இரண்டு கடல்களில் கலப்பதாக நண்பர் வரைந்திருக்கிறார். அதை எப்படித் திருத்துவீர்கள்?

3. உங்கள் தீவில் காற்றின் திசையை நேரெதிராக மாற்றுங்கள். எந்தெந்த அடுக்குகளைத் திருத்த வேண்டும்? எந்த அடுக்குகளைத் தொட வேண்டியதில்லை?

விடைக்குறிப்பு: (1) 2 கிலோமீட்டர், சிறு தீவின் ஆற்றுக்கு அது மிக அதிகம். (2) தாழ்ந்த பக்கத்து ஆற்றை மட்டும் விட்டுவையுங்கள். மற்றதை அருகிலுள்ள மலையிலிருந்து பிறக்கச் செய்யுங்கள். (3) காடு, ஆறு, ஊர், சாலை, அவற்றின் பெயர்கள் மாறும். கடல், நிலம், மலை அப்படியே இருக்கும்.