அப்பாவின் சுறாப் பற்களும் எரிந்துபோன சீட்டுகளும்

வீட்டுப் பெரியவர் விட்டுப்போன மீன் புதைபடிவங்கள் உங்கள் கைக்கு வந்தால், முதலில் காப்பாற்ற வேண்டியது அவற்றோடு இருக்கும் துண்டுக் காகிதங்களை. கல் எங்கும் போய்விடாது. பத்து கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்தது, இன்னும் கொஞ்ச நாள் பரணில் கிடக்கும். காகிதம் ஒரு தீக்குச்சிக்குத் தாங்காது.

என் அப்பா அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். வேலை நேரத்தில் கண்ணில் பட்ட பற்களையும் சிப்பிகளையும் எடுத்து வைப்பார். லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரை என்ற ஊர்ப் பக்கம் போய்விடுவார். கிடைத்ததையெல்லாம் பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுப் போடுவார். எந்த ஊர், ஓடைக்கு எந்தப் பக்கம், களிமண்ணா சுண்ணாம்புக்கல்லா, என்றைக்கு எடுத்தது என்று பென்சிலில் எழுதியிருக்கும். பத்தாவது வரை படித்தவர் செய்த வேலை அது. முறையாக நிலவியல் படித்தவர்களே எல்லோரும் இப்படி எழுதி வைப்பதில்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டை ஒழித்தபோது, உறவில் மூத்தவர் ஒருவர் டின்களையெல்லாம் ஒரே சிமெண்டுச் சாக்கில் கொட்டிவிட்டார். சீட்டுகள் பழைய செய்தித்தாளோடு சேர்ந்து கொல்லையில் எரிந்தன. "கல்லுதானேம்மா, ஒண்ணாக் கிடந்தா என்ன?" என்றார். இன்றுவரை அவருக்கு அது தப்பாகப் படவில்லை. எவ்வளவு பெரிய தப்பு என்பதை அவருக்காகவும், உங்கள் வீட்டில் இருக்கும் அவரைப் போன்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

அப்பாவின் சுரங்கத்தில் வெட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் உருவாகிச் சுமார் ஏழு கோடி ஆண்டு ஆகிறது. காரைக் களிமண் படுகை அதைவிட ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டு பழையது. இரண்டுமே கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடித்தளம்தான், ஆனால் அந்த இடைவெளியில் கடலும் மாறியது, மீன்களும் மாறின. கிரெட்டோலாம்னா மாதிரிச் சில சுறாக்களோ அந்த நீண்ட காலம் முழுக்க உலகக் கடல்களில் இருந்தன. நடுவில் ஒரு கூர்முனையும் இரு பக்கமும் சின்ன முனைகளும் கொண்ட அதன் பல்லை மட்டும் வைத்து எந்தக் காலத்தது என்று சொல்வது எளிதல்ல. எடுத்த இடம் தெரிந்தால்தான் காலம் தெரியும். எரிந்தது ஊர்ப் பெயர் மட்டுமல்ல, மூன்று கோடி ஆண்டுக் கணக்கும் சேர்ந்து எரிந்தது.

எனக்குக் கைகொடுத்தவர்கள் இதில் ஆசை உள்ள சாதாரண மனிதர்கள். ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர், திருச்சியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், காரைக்கு அடிக்கடி போய்வரும் இரண்டு கல்லூரி மாணவர்கள், நாகப்பட்டினத்திலிருந்து இன்றைய சுறாத் தாடைகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்த ஒரு நண்பர். யாரும் பணம் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்விதான். "கழுவிட்டீங்களா?"

நல்லவேளை, கழுவவில்லை. நீங்களும் கழுவாதீர்கள். எலுமிச்சை, வினிகர், கழிவறை அமிலம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பல்லின் வேர்ப் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் மண்தான் மிச்சமுள்ள சாட்சி. ஆசிரியர் அந்த மண்ணைக் கைலென்ஸில் பார்த்தே சாக்கைப் பிரித்தார். களிமண்ணோடு பளபளக்கும் ஜிப்சம் துகள் இருந்து, அதில் நகத்தாலேயே கீறல் விழுந்தால், காரைப் பக்கம். வெளிறிய கெட்டிக் கல்லும் தடித்த சிப்பி ஓட்டுத் துணுக்கும் இருந்தால் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல். சந்தேகம் வந்தால் உதிர்ந்த துணுக்கைத் தனியே வைத்து, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். சுண்ணாம்பு நுரைக்கும். பல்லின் மேல் ஒருபோதும் விடமாட்டார். இப்படி ஏறக்குறைய பாதிப் பற்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. மீதிக்கு "அரியலூர் வட்டாரம், இடம் தெரியாது" என்றுதான் எழுத முடிந்தது.

படம் எடுப்பது பெரிய வித்தையில்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பல்லின் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, வேர் என்று தனித்தனியாக எடுங்கள். பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வையுங்கள். நாணயம் வேண்டாம், ஒரே மதிப்பு நாணயமே பல அளவில் வருகிறது.

ஒருவரிடம் காட்டும்போது உங்கள் ஊகத்தை முதலில் சொல்லாதீர்கள். இன்னொருவர் சொன்ன பெயரையும் சொல்லாதீர்கள். தனித்தனியாகக் கேட்டு, எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று காரணத்தையும் எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சங்கு ஓடு என்று சொன்ன, மேலே வரிவரியாக மேடுகள் ஓடிய தட்டைக் கட்டிகள் சில இருந்தன. காரைக்குப் போய்வரும் மாணவர் ஒருவர் அவற்றைப் பார்த்ததும் டைக்கோடஸின் பற்கள் என்றார். சிப்பிகளை நொறுக்கித் தின்ற சுறா இனம் அது. அவர் சொன்னதை அறியாமலே ஆசிரியரும் அதையே சொன்னார், மேடுகளின் வரிசையைக் காரணம் காட்டினார். காரைப் படுகையில் கிடைத்த டைக்கோடஸ் டெகரன்ஸ் பற்றிய ஆய்வு 2012-ல் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே படுகையின் சுறாக்களைப் பற்றி விரிவான கட்டுரை வந்தது. புதுச்சேரிப் படுகை மீன் பற்களை ஃபிலிப் எகர்ட்டன் 1845-லேயே விவரித்துவிட்டார். அப்பா பொறுக்கியது வெறும் கூழாங்கல் என்று சிரித்தவர்களுக்கு இந்த ஆண்டுகளைத்தான் நான் பதிலாகச் சொல்கிறேன்.

பழம்பொருள் வியாபாரி ஒருவரும் வந்தார். ஒரு பல்லைக் கையில் எடுத்து டைனோசர் பல் என்று சொல்லி விலை பேசினார். நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு உடனே கூட்டம் கூடும். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. நிலவியல் அறிந்தவர்கள் பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த கடல் படிவ உருண்டைகள் என்றார்கள். விலை பேசிக்கொண்டே பெயர் சொல்பவரை நம்பாதீர்கள்.

அடுத்தது அலமாரியில் இருந்த மீன் பலகை. வெண்மஞ்சள் கல்லில் தலை முதல் வால் வரை முழு எலும்புக்கூடு. சாக்கில் கொட்டிய அதே உறவினர், இது காரையில் கிடைத்தது, லட்சக்கணக்கில் போகும் என்று பங்கு கேட்டார். நண்பர்கள் பார்த்ததும் மறுத்தார்கள். அது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் படுகையில் கிடைக்கும் நைட்டியா, நம் மத்தி மீனின் தூரத்துச் சொந்தம், ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டு பழையது. 1987 முதல் அந்த மாநிலத்தின் சின்னமாகவே இருக்கிறது. அங்கே ஏராளமாக வெட்டி விற்கிறார்கள், அதனால் பெரிய விலை கிடையாது. அதே கல்லில் டிப்ளோமிஸ்டஸ் என்ற மீனும் வரும். அதற்கு அடிவயிற்றுப் பின்துடுப்பு வால்வரை நீண்டிருக்கும், நைட்டியாவுக்குக் குட்டை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் வால் ஓரத்தை ஒற்றியபோது பழுப்புச் சாயம் வந்தது. உடைந்த வாலை யாரோ வரைந்து முடித்திருக்கிறார்கள். உங்கள் பலகையையும் வாங்கியவுடனே ஒரு மூலையில் இப்படிச் சோதியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண், அதே எண் நோட்டிலும். மென்மையான பிரஷ், மூங்கில் குச்சி போதும். உடைந்ததை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 என்ற பிசின் வாங்குங்கள், பிற்பாடு பிரிக்க முடியும்.

கடைசியாக, நான் எடுத்த முடிவு. ஊர் தெரிந்த பற்கள் அனைத்தையும் ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்குக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் சேகரித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போட்டேன். நைட்டியாவை நான் வைத்துக்கொண்டேன். என்னைக் கேட்காமல் கொடுத்தாய் என்று சொந்தத்தில் இன்னும் பேச்சு ஓடுகிறது. பங்கு பிரித்திருந்தால் வீட்டுக்கு ஒரு கைப்பிடிப் பல் போய், அடுத்த வெள்ளையடிப்பில் மறுபடி சாக்குக்குள் விழுந்திருக்கும். இப்போது காரைச் சுறாவைப் பற்றி ஆராய வரும் மாணவர் அந்த இழுப்பறையைத் திறந்தால், எந்தப் படுகையில் யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியும். உங்கள் அப்பா இன்னும் இருக்கிறார் என்றால், இந்த ஞாயிறே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஊரைக் கேட்டு எழுதுங்கள். அதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும்.