கோப்பைத் திறந்தால் கையில் கிடைப்பது என்ன?

உங்கள் இணைப்பாட நடவடிக்கைக் குழுவின் வருகைப் பதிவு ஓர் உரைக்கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழியில் 'ஓப்பன்' கட்டளையால் அதைத் திறந்து, கிடைத்ததை ஒரு மாறியில் வைக்கிறீர்கள். (கட்டளைகளின் உச்சரிப்பை மட்டும் இங்கே தருகிறோம். கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.) இப்போது அந்த மாறியை 'பிரிண்ட்' செய்து பாருங்கள். ஒரு மாணவரின் பெயர்கூட வராது. கோப்பின் பெயர், திறந்த முறை, எழுத்துக் குறியாக்கம் ஆகியவை மட்டும் ஒரே வரியில் வரும்.

ஏன்? உங்கள் கையில் இருப்பது கோப்பு அன்று. கோப்புக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவில் நிற்கும் 'கோப்புப் பொருள்' அது. பதிவேட்டு அறைக்குள் நீங்கள் நுழைய முடியாது, முகப்பில் இருக்கும் ஊழியரிடம்தான் கேட்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அதே நிலைதான். படிப்பது, எழுதுவது, மூடுவது எல்லாம் அவர் வழியாகவே நடக்கும்.

இந்த ஊழியர் எதுவரை படித்தோம் என்று விரலை வைத்துக்கொண்டே இருப்பார். 'ரீட்' என்றால் விரல் இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரை படித்துத் தருவார். உடனே மறுபடியும் 'ரீட்' என்றால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். பிழைச்செய்தியும் வராது என்பதால், கோப்பே காலியாகிவிட்டதோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். 'சீக்' கட்டளைக்கு 0 கொடுத்தால் விரல் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது 'டபிள்யூ' முறைக்குத்தான். எழுதுவதற்காக இந்த முறையில் ஒரு கோப்பைத் திறந்தால், திறந்த கணமே பழைய உள்ளடக்கம் முழுவதும் போய்விடும். நீங்கள் ஒரு சொல்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை. ஒரு தவணை முழுவதும் சேர்த்த வருகைப் பதிவு அப்படி அழிந்தால், குப்பைத் தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. பழையதன் கடைசியில் சேர்க்க 'ஏ' முறை இருக்கிறது. புதுக் கோப்பு தொடங்குவதாக இருந்தால் 'எக்ஸ்' முறையே நல்லது. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், அதைத் தொடாமல் பிழை காட்டி நின்றுவிடும். இதை ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு விஷயம். 'ரைட்' என்று சொன்னதும் எழுத்துகள் வட்டுக்குப் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். வட்டில் எழுதுவது நினைவகத்தில் எழுதுவதைவிட மிக மெதுவான வேலை. அதனால் ஊழியர் ஒவ்வொரு தாளுக்கும் அறைவரை நடக்காமல், மேசைத் தட்டில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொண்டுபோவார். இந்தத் தட்டுக்கு 'இடையகம்' என்று பெயர். பைத்தானின் பல பதிப்புகளில் அதன் அளவு 8192 பைட்டு. 'குளோஸ்' என்றால் தட்டில் மிச்சம் இருப்பதும் கோப்புக்குப் போகும். மூடுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டால், தட்டில் இருந்தது போனதுதான்.

மூடுவதை மறக்காமல் இருக்க, 'வித்' என்ற சொல்லுடன் கோப்பைத் திறங்கள். அதன் கீழ் உள்ள வரிகள் முடிந்ததும் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். நடுவில் உங்கள் நிரல் பிழையால் நின்றாலும், அதுவரை எழுதியதைச் சேர்த்துவிட்டுத்தான் மூடும்.

தமிழில் எழுதும் நமக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. முதலில் 'பிரிண்ட்' செய்த வரியில் குறியாக்கத்தின் பெயர் வந்ததல்லவா? பல விண்டோஸ் கணினிகளில் அங்கே 'சிபி1252' என்று இருக்கும். அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியல், தமிழுக்கு அதில் இடமே இல்லை. 'கவிதா' என்று எழுதச் சொன்னால் பிழை காட்டும். திறக்கும்போதே குறியாக்கம் 'யூடிஎஃப்-8' என்று குறிப்பிட்டால் சிக்கல் தீரும். பிறகு 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் எழுதி மூடிப் பாருங்கள். நாம் எண்ணுவது மூன்று எழுத்து. ி, ் ஆகிய குறிகளைத் தனித்தனியாக எண்ணும் பைத்தானுக்கு அது ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வீதம், வட்டில் இருக்கும் கோப்பின் அளவு 15 பைட்டு.