வேலை இருக்கிற வண்டி: பழுது தெரிந்த பிறகு எப்படிப் பேசுவது?

வண்டியைப் பார்த்தாயிற்று. கூட வந்த மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்துவிட்டார். "கிளட்ச் முடிஞ்சிருச்சு, பின்னாடி ரெண்டு டயர் மாத்தணும், இன்ஜின் லேசா புகை தள்ளுது" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டார். கன்சல்டிங் ஆபீஸுக்குள் திரும்பி வருகிறீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டீ சொல்கிறார். "அதெல்லாம் சின்ன வேலைங்க. நீங்க வண்டிய எடுங்க, நம்ம பட்டறைதான், எப்ப வேணா வந்து பாத்துக்கலாம்."

குட்டி யானையோ தோஸ்தோ பொலிரோ பிக்கப்போ, செகண்ட்ஸில் வண்டி வாங்கப் போன எல்லோரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே உங்கள் முன் நாலைந்து வழிகள் இருக்கின்றன. அவரே வேலையை முடித்துக் கொடுக்கலாம். விலையைக் குறைத்துக்கொண்டு நீங்கள் செய்துகொள்ளலாம். பாக்கியில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கலாம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதை நம்பலாம். எழுந்தும் வரலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் ஒரு விஷயம். தெரியாமல் மாட்டிக்கொண்ட பழுதும் தெரிந்தே வாங்கிய பழுதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-வது பிரிவு இருக்கிறது. பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்கியவர், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காக, பொருள் தரமாக இருக்கும் என்று சட்டம் தரும் பாதுகாப்பைப் பின்னால் கோர முடியாது என்கிறது அது. மெக்கானிக்கை அழைத்துப் போய்ப் பார்த்தவர் நீங்கள். அவர் கண்டுபிடித்த பழுதைப் பற்றிக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லையென்றால், கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அது உங்கள் பழுது.

என் தம்பி காய்கறி லோடு அடிக்க ஏழு வருடத்துத் தோஸ்த் ஒன்றை வாங்கினான். வண்டி ஹீட் ஆகும் என்று தெரிந்தேதான் பேசினோம். "ரேடியேட்டரை நாங்க பாத்துத் தர்றோம்" என்றார் விற்றவர். சொன்னபடி ரேடியேட்டரைக் கழுவி மாட்டியும் கொடுத்தார். ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டினோம், ஊசி அசையவில்லை. மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து தருமபுரிக்கு முழு லோடோடு போனபோது, தொப்பூர் ஏற்றத்தில் ஊசி சிவப்பைத் தொட்டது. தருமபுரி மெக்கானிக் பிரித்துப் பார்த்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியே விட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் காலி வண்டியில், சமதளத்தில், தண்ணீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். சூடு தெரியாது. எங்களிடம் இருந்தது வாய்வார்த்தை மட்டும்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். வேலை முடிந்ததா இல்லையா என்பதை டெலிவரி எடுக்கும் இடத்திலேயே உங்களால் சோதித்துவிட முடியுமா? முடியும் என்றால் விற்பவரையே செய்யச் சொல்லுங்கள். லோடு ஏற்றி ஒரு மாதம் ஓட்டினால்தான் தெரியும் என்கிற வேலையை அவர் கையில் விடாதீர்கள். விலையில் கழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வண்டியை விட்டுவிடுங்கள்.

விற்பவரே செய்து கொடுக்கட்டும் என்றால்

டயர், பேட்டரி, பிரேக், லைட், கிளட்ச் எல்லாம் இந்த வகை. பட்டறையும் ஸ்பேர்ஸ் கடையும் அவருக்குப் பழக்கம். உங்களைவிடக் குறைந்த செலவில் முடிப்பார், உங்கள் கைக்காசும் அப்போது வெளியே போகாது. அதே காரணத்தால் எது மலிவோ அதைப் போடுவார் என்பதையும் எதிர்பார்த்துத்தான் பேச வேண்டும்.

கிளட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். "கிளட்ச் மாத்தித் தர்றோம்" என்றால் அவர் கணக்கில் பிளேட் மட்டும்தான். பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், கூலியில் பெரும்பகுதி அந்த இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் தேய்ந்திருந்து ஆறு மாதம் கழித்துப் போனால், அதே கூலியை இன்னொரு முறை நீங்கள் கொடுப்பீர்கள். அதனால் "கிளட்ச் செட், இன்ன கம்பெனி, புதுசு" என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் மாற்றியவருக்கு அதைக் காட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை.

வண்டி வந்ததும் நீங்களே சோதிக்கலாம். முன்னால் யாரையும் நிற்க விடாமல், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து புது பிளேட்டைக் கருக்கிவிட வேண்டாம்.

டயர் என்றால் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3521 என்று இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர். "புது டயர் போட்டுட்டோம்" என்று சொல்லி ரீசோல் டயரை மாட்டியிருந்தால் பட்டன் பளபளப்பாக இருக்கும், தேதி பழசாக இருக்கும்.

எஃப்.சி. முடியப் போகிற வண்டியானால் பேச்சு உங்களுக்குச் சாதகம். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். "புது எஃப்.சி.யோடு கொடுங்கள்" என்று ஒரு வரி கேட்டால் பிரேக், லைட், ஹாரன், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், டிங்கரிங் வேலை எல்லாம் அவர் தலையில் போய்விடும். ஆனால் எஃப்.சி. வாங்கிய வண்டியின் இன்ஜின் நன்றாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், அது வேறு கணக்கு.

விலையில் கழிப்பது

இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ, டீசல் பம்ப், வயரிங் எல்லாம் நீங்கள் நம்புகிற மெக்கானிக் கையில்தான் பிரிய வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஐடிலிங்கில் விட்டால் குபுகுபுவென்று புகை வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இதை விற்பவர் "சரி பண்ணித் தர்றேன்" என்றால் கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையை அடக்கிவிட்டும் கொடுக்கலாம். டெலிவரி அன்று உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பேரத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்பேர்ஸ் விலையையும் கூலியையும் மட்டும் கூட்டி அவ்வளவைக் குறைக்கச் சொல்கிறார்கள். வண்டி பட்டறையில் நிற்கிற நாளுக்கும் காசு உண்டு. உதாரணத்துக்கு, வேலை 30,000 ரூபாய் என்று எஸ்டிமேட். நான்கு நாள் ஆகும். ஓடியிருந்தால் செலவு போக நாளுக்கு 1,500 மிஞ்சும். ஆக 36,000. பிரித்த பிறகுதான் தெரியும் என்கிற வேலையானால் அதற்கு மேலும் ஒரு கால்பங்கு சேர்த்துக் கேட்பதுதான் நியாயம். கையில் எஸ்டிமேட் காகிதம் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்ட் பார்ட்டாக விலை போட்டு வாங்கிவிட்டால் "அவ்வளவெல்லாம் ஆகாதுங்க" என்று சொல்வது அவருக்குக் கஷ்டம்.

அப்போது அவர் கடைசி அஸ்திரத்தை எடுப்பார்: "அந்த வேலைக்குத்தாங்க விலையே கம்மியா போட்டிருக்கோம்." பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை, நிஜமாகவும் இருக்கலாம். கோபப்படாமல், அதே வருட மாடலில் வேலை இல்லாத வண்டி என்ன விலை என்று கேளுங்கள். பக்கத்து இரண்டு கன்சல்டிங்கிலும் முன்பே விசாரித்து வைத்திருங்கள். அந்த விலைக்கும் இந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் 36,000-த்தைத் தாண்டினால் அவர் சொல்வது சரி, மேலே கேட்காதீர்கள். தாண்டவில்லையென்றால் மீதியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஃபைனான்ஸ் போட்டு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறைத்த தொகை உங்கள் கைக்கு வருவதில்லை, பெரும்பாலும் முன்பணத்தில்தான் குறையும். அந்தப் பணத்தை அன்றே தனியாக எடுத்து வைக்காவிட்டால், முதல் டியூவும் இன்ஜின் வேலையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்.

பாக்கியைப் பிடிப்பதும் வாக்கை நம்புவதும்

அவசரமாக வண்டி வேண்டும், சீசன் லோடு காத்திருக்கிறது, வேலையை டெலிவரிக்குப் பிறகு செய்துகொடுப்பதாக விற்பவர் ஒப்புக்கொள்கிறார் என்றால், வேலைக்கு ஆகும் தொகையை விடச் சற்றுக் கூடுதலாகப் பாக்கி வைத்து எடுங்கள். என்ன வேலை, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் பாக்கியில் எவ்வளவு கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேர் மாற்றவும் ஹெச்.பி. கேன்சலுக்கும் பாக்கி பிடிப்பது நம் பக்கம் வழக்கம்தான், பழுதுக்கும் பிடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. முழுப் பணமும் போன பிறகு வரும் "பாத்துக்கலாம்" எனக்கு ஒரு வழியாகவே தோன்றவில்லை.

கையெழுத்துப் போடுகிறவர் யார் என்றும் பாருங்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். தன்னிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டதை முறைப்படி தெரிவித்தால் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். "நாங்க நடுவுல இருக்கிறவங்கதான், ஓனர் வேற" என்கிறவர் தரும் ரிப்பேர் உத்தரவாதம் அந்த ஓனரைக் கட்டாது. அங்கே விலைக் குறைப்பு மட்டும் கேளுங்கள்.

எழுதிக் கொடுத்தும் செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று தட்டிக் கழிப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கமாகச் சொல்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

விட்டுவிட வேண்டிய வண்டி

பின்பக்கப் பட்டை தொங்குகிற இடத்தில் சேசிஸை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல், வெல்டிங் தழும்பு, அந்த ஒரு சாணுக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா? கம்பெனி கொடுத்ததற்கு மேல் பட்டை அடுக்கியிருக்கிறதா? வருடக் கணக்கில் ஓவர்லோடு சுமந்த வண்டி அது. சேசிஸ் நம்பரைச் சுரண்டியிருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். கிளட்சுக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு என்ற பேச்சையே அங்கே ஆரம்பிக்க வேண்டாம். டோக்கன் அட்வான்ஸ் என்று நூறு ரூபாய்கூடக் கொடுக்காமல், மெக்கானிக்குக்கு அன்றைய கூலியைக் கொடுத்து, அடுத்த கன்சல்டிங்குக்கு அழைத்துப் போங்கள்.