கல்வி வழிகாட்டி: குவாண்டிட்டி சர்வேயிங் படிக்கலாமா?

பிளஸ் டூ முடித்து அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். எலவனாசூர்கோட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் கட்டுமான வேலைக்காகச் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போகிறவர்கள் உண்டு. கொத்து வேலை, சென்ட்ரிங், கம்பி கட்டுதல் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. அதே சைட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்தான் குவாண்டிட்டி சர்வேயர், சுருக்கமாக கியூ.எஸ்.

நிலம் அளக்கும் சர்வேயர் வேறு, இவர் வேறு. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு மண் தோண்ட வேண்டும், எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி என்று வரைபடத்திலிருந்தே கணக்கெடுத்து, அளவுப் பட்டியல் தயாரிப்பது இவர் வேலை. டெண்டருக்கு விலை போடுவது, முடிந்த வேலையை அளந்து பில் தயாரிப்பது, இடையில் வேலை கூடினாலோ குறைந்தாலோ அதற்குரிய தொகையைச் சொல்வது, கடைசிக் கணக்கை முடிப்பது எல்லாம் இவர் பொறுப்பே.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவர். இரு பக்கமும் சிமென்ட் பூச்சு. நடுவில் 3 அடிக்கு 7 அடி கதவு. மேஸ்திரி கதவைக் கழிக்காமல் 400 சதுர அடி என்கிறார். வீட்டுக்காரர் இரு பக்கமும் கழித்து 358 என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியல்ல. நம் நாட்டில் கட்டட வேலைகளை அளக்கும் முறையைச் சொல்லும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200. இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும் என்கிறது அது. நம் கதவு 21 சதுர அடி, அதாவது சுமார் 1.95 சதுர மீட்டர். ஆகவே விடை 379 சதுர அடி. கதவைச் சுற்றியுள்ள ஓரங்களையும் கொத்தனார் பூசுகிறார் அல்லவா? அந்த உழைப்புக்கு ஈடாகத்தான் ஒரு பக்கம் கழிக்கப்படுவதில்லை. இதனால் உழைத்தவருக்கும் நஷ்டமில்லை, பணம் கொடுப்பவருக்கும் நஷ்டமில்லை. அளவில் குறை செய்யாதே என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்டதை ஒரு தொழிலாகவே செய்வதுதான் இது.

இனி, படிக்கும் வழிகள். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வு மூலம் பி.இ. சிவில் சேரலாம். 10ஆம் வகுப்போடு வந்தவர்கள் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு சிவில் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சிவில் படிப்பில் எஸ்டிமேஷன் பாடத்தை ஆழமாகப் படியுங்கள். இந்த வேலைக்கு அடிப்படை அதுதான். அதற்கு மேல் நிக்மார் போன்ற இடங்களில் கட்டுமான மேலாண்மையில் முதுகலைப் படிப்பு உண்டு. இதையே இளங்கலைப் பட்டமாகப் படிக்க பிரிட்டன், மலேசியா, இலங்கையின் மொறட்டுவை பல்கலைக்கழகம் ஆகியவற்றில் வாய்ப்பு உள்ளது. வெளிநாட்டுக் கம்பெனிகள் மதிக்கும் ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினர் தகுதியைப் படிப்போடு பணி அனுபவமும் சேர்த்துப் பிறகு பெறலாம். 1868இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு அது.

ஓர் எச்சரிக்கை. சில மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தால் வளைகுடாவில் கியூ.எஸ். வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். அத்தகைய வகுப்பில் கணினி மென்பொருள் கற்கலாம். அது பட்டத்துக்கோ டிப்ளமோவுக்கோ ஈடாகாது. கல்லூரியில் சேரும் முன் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உள்ளதா என்று பாருங்கள்.

பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெற்றால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடும் உள்ளது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற படிப்பு. கணக்கில் பொறுமையும் சொல்லில் நேர்மையும் இருந்தால் போதும்.

இந்த வாரம் ஒரு டேப் எடுத்து உங்கள் வீட்டின் ஓர் அறையை அளந்து, மேலே சொன்ன விதிப்படி பூச்சின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அலுப்புத் தட்டாமல் அடுத்த அறைக்கும் போனால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும்.